ஊர்க் கழகத்தில சின்னப் பிள்ளையளைப் பொறுப்பெடுக்கிறீங்களோ? ஒரு பிள்ளையும் வெளியில நிக்காமல் விளையாட வைக்கிற வழி

வன்னியில அனேகமா ஒவ்வொரு ஊரிலயும் ஒரு விளையாட்டுக் கழகம் இருக்கு. பரந்தன், தர்மபுரம், விசுவமடு, மல்லாவி, முழங்காவில், நெடுங்கேணி எண்டு எந்தப் பக்கம் போனாலும் ஒரு கிரவுண்ட், ரெண்டு கோல் போஸ்ட், வருசத்துக்கொருக்கா ஒரு சுற்றுப்போட்டி, அதுக்கு நாலு ஊருக்குக் கேக்கிற ஸ்பீக்கர். சில கழகங்கள் சிறுவர் பிரிவும் தொடங்கியிருக்கு, நல்ல விசயம். அந்தப் பிரிவை இப்ப உங்கட கையில தந்திருக்கினம் எண்டு வையுங்கோ. நீங்கள் முந்திக் கழகத்துக்கு விளையாடின ஆளா இருக்கலாம், ஏஎல் எழுதிப்போட்டு ரிசல்ட் பாத்துக்கொண்டு நிக்கிற தங்கச்சியா இருக்கலாம், மாற்றலாகி வந்த ரீச்சரா இருக்கலாம். ஆரா இருந்தாலும் முதல் ஒரு வருசத்தில என்ன செய்யோணும் எண்டு ஒழுங்கா எழுதிப் பாத்திருக்கிறன்.

முதல்ல ஒண்டு. போஸ்டர்ல "எல்லாரும் வரலாம்" எண்டு அடிச்சு ஒட்டினா, ஏற்கெனவே வாற பெடியள்தான் வருவாங்கள். கிரவுண்டுக்குக் கிட்ட வீடு, அண்ணன் கழகத்தில விளையாடுறான், சப்பாத்து இருக்கு, பந்து நல்லா அடிப்பான், அப்பிடிப்பட்ட பத்துப் பதினைஞ்சு பேர். அவங்களும் எங்கட பிள்ளையள்தான், ஆனா அவங்களுக்குக் கூப்பிட ஆள் தேவையில்லை. உங்கட வேலை மற்றப் பிள்ளையளிட்டத் தொடங்குது.

1. ஆர் வரேல்லை எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ

பந்து வாங்கமுதல் இதைச் செய்யுங்கோ. உங்கட கிராம சேவையாளர் பிரிவுக்குள்ள 6 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் எவ்வளவு பிள்ளையள் இருக்கினம் எண்டு கேட்டுப் பிடியுங்கோ. கிராம சேவையாளர், பள்ளிக்கூட ரீச்சர்மார், முன்பள்ளி ரீச்சர், மாதர் சங்கத் தலைவி, வீடு வீடாப் போற மிட்வைஃப் அக்கா, இவை எல்லாருக்கும் ஊர் மனப்பாடம். பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கினம், வீட்டோட நிக்கிற பிள்ளையளைப் பற்றி அவைக்குத்தான் கூடத் தெரியும். ஆனா ஒரு பிள்ளையின்ர வியாதியையோ வீட்டுப் பிரச்சினையையோ பற்றின விவரம் கேக்காதேங்கோ, "அந்தத் தாயோட கதைக்க ஒருக்கா அறிமுகப்படுத்தி விடுறீங்களோ" எண்டு மட்டும் கேளுங்கோ.

பிறகு ஒழுங்கை ஒழுங்கையா நடவுங்கோ. சைக்கிள்ல போனாக்கூட தவறவிட்டிடுவீங்கள், நடந்துதான் போகோணும். வீட்டுத்திட்டம் வந்த பக்கம், குளத்துக்கு அங்கால இருக்கிற நாலு வீடு, தோட்டக்காணிக்குள்ள குடிசை போட்டிருக்கிற குடும்பம், இதெல்லாம் றோட்டில இருந்து தெரியாது.

கொப்பியில ஆரார் வருவினம்? அனேகமா இவையள்: சாமத்தியப்பட்ட பிறகு கிரவுண்ட் பக்கம் வராத பொம்பிளைப் பிள்ளையள். நடக்க, பாக்க, கேக்க, விளங்கிக்கொள்ளக் கஸ்டப்படுற பிள்ளையள். தாய் தனிய உழைக்கிற வீட்டில தம்பி தங்கச்சியைப் பாக்கிற மூத்த பிள்ளை. பின்னேரம் மாடு சாய்க்கிற, கடையில நிக்கிற பெடியன். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறின குடும்பங்களின்ர பேரப்பிள்ளையள். 1990இல வடக்கில இருந்து வெளியேற்றப்பட்டுப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளையள். சாதியைச் சொல்லி ஒதுக்கப்பட்ட ஒழுங்கைப் பிள்ளையள், இதையும் எழுதத்தான் வேணும், கதைக்காமல் விட்டா அது இல்லையெண்டு ஆகாது. அதோட உடம்பு கொஞ்சம் பெருத்த பிள்ளை, கூச்சப்படுற பிள்ளை, பந்து வந்தா கண்ணை மூடுற பிள்ளை.

அந்தக் கொப்பி உங்களிட்டையும் கழகச் செயலாளரிட்டையும் மட்டும்தான் இருக்கோணும். வட்ஸ்அப் குறூப்பில போட்டிடாதேங்கோ.

இப்ப ஒவ்வொரு வீட்டிலயும் "ஏன் பிள்ளை வாறேல்லை" எண்டு மெல்லமாக் கேளுங்கோ. பெரிய காரணங்கள் எதிர்பாத்துப் போவீங்கள், வாற பதில் அனேகமாச் சின்னது. செருப்பு அறுந்துபோச்சு, கிரவுண்டில கக்கூஸ் இல்லை, திரும்பி வரேக்க இருட்டிப் போகும், அங்க ஒருத்தன் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுறான், கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. சின்னக் காரணமெண்டா உங்களால தீர்க்க ஏலும், அதுக்காகத்தான் கேக்கச் சொல்லுறன். பதிலையும் பேருக்குப் பக்கத்தில எழுதிவையுங்கோ.

2. இடமும் நேரமும்

கிரவுண்ட் பற்றி வன்னியில முதல் கேள்வி, அந்தக் காணி மிதிவெடி அகற்றிக் கையளிச்ச காணியோ எண்டது. யுத்தம் 2009இல முடிஞ்சாலும் வெடிபொருள் எடுக்கிற வேலை அதுக்குப் பிறகும் வருசக் கணக்கா நடந்தது, முகமாலைப் பக்கத்து ஆக்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழைய கிரவுண்ட் எண்டாப் பிரச்சினை குறைவு, ஆனா பக்கத்துப் பற்றைக்குள்ள பந்து போனா எடுக்க ஓடுறது சின்னப் பிள்ளைதான். சுத்திவர எதுவரைக்கும் போகலாம் எண்டு கிராம சேவையாளரிட்டக் கேட்டு எல்லை போடுங்கோ, மண்டையோட்டுப் பலகை கண்டா, இரும்புச் சாமான் ஏதும் கண்டா தொடாமல் வந்து சொல்லோணும் எண்டு முதல் நாளே சொல்லுங்கோ, கண்ட இடத்தைப் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ உடன அறிவியுங்கோ.

கக்கூஸ் இல்லாத கிரவுண்டில பொம்பிளைப் பிள்ளையள் நிலைக்கமாட்டினம். கட்டக் காசில்லாட்டி, பக்கத்துப் பள்ளிக்கூடம், பொதுநோக்கு மண்டபம், முன்பள்ளி, அதுவும் இல்லாட்டி நல்ல மனசுள்ள ஒரு வீட்டுக்காரர், ஆரிட்டையாவது பேசித் திறப்பு எடுத்து வையுங்கோ. தண்ணியும் நிழலும் அப்பிடித்தான், ஒரு வேம்பாவது இல்லாத இடத்தில சின்னப் பிள்ளையளைப் போட்டு வெயில்ல வாட்டக்கூடாது.

நேரம் பின்னேரம் நாலரையில இருந்து ஆறுக்குள்ள. ஆறு மணிக்குப் பிறகு ஒரு நிமிசமும் இழுக்காதேங்கோ. ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட யானை இறங்கும், கடைசி பஸ் போயிடும், தாய்மாருக்கு வயித்தில நெருப்பு. சொன்ன நேரத்துக்கு முடிக்கிற கழகத்துக்குத்தான் பொம்பிளைப் பிள்ளையளை விடுவினம். ரியூசன் இல்லாத நாளாப் பாத்துக் கிழமைக்கு ரெண்டு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில கிரவுண்ட் குளமாகும், அந்த ரெண்டு மாசமும் பள்ளிக்கூட மண்டபத்துக்குள்ள சின்ன விளையாட்டுகள் வையுங்கோ, விட்டீங்களெண்டா தை மாசம் திரும்ப முதல்ல இருந்து வீடு வீடாப் போகோணும்.

3. காசு, சப்பாத்து, படம் எடுக்கிறது

சந்தாக் காசு பிள்ளையளிட்ட வாங்காதேங்கோ. ஐம்பது ரூபாதானே எண்டு நாங்கள் நினைப்பம், அதைக் கேக்க வீட்டில வாய் வராத பிள்ளை சொல்லாமல் வாறதை நிப்பாட்டிடும்.

சப்பாத்து கட்டாயம் எண்டு வைக்கவே கூடாது. அதோட ஒரு விசயம் கவனியுங்கோ, பாதிப் பேர் ஆணி பூட்ஸோடயும் பாதிப் பேர் வெறுங்காலோடயும் ஒரே மட்ச் விளையாடினா வெறுங்கால்காரனுக்குத்தான் காயம், அவன் ரெண்டாம் நாள் பந்துக்குக் கிட்டப் போகமாட்டான். ஒண்டில் எல்லாரும் வெறுங்கால், இல்லாட்டி எல்லாரும் சப்பாத்து. கழகத்தில ஒரு பெட்டி வைச்சு, வளந்த பிள்ளையளுக்குச் சின்னனாப் போன பூட்ஸை வாங்கித் துடைச்சுப் போடுங்கோ, தேவையான எல்லாரும் அளவு பாத்து எடுக்கலாம், திருப்பி வைக்கலாம், பேர் எழுதத் தேவையில்லை.

வெளிநாட்டில இருக்கிற எங்கட உறவுகள் உதவி செய்வினம், நல்ல மனசோடதான் செய்வினம். ஆனா சப்பாத்து குடுக்கேக்க பிள்ளையை நிப்பாட்டிப் படம் எடுத்து பேஸ்புக்கில போடுறதை நீங்கள் மறிக்கோணும். அந்தப் படம் அந்தப் பிள்ளை படிக்கிற வகுப்பு முழுக்கப் பாக்கும். "அண்ணை, கழகத்தின்ர பேருக்குப் பந்தாகவும் கலர் பனியனாகவும் தாங்கோ, கிரவுண்டில பிள்ளையள் விளையாடுற வீடியோ அனுப்பிறன்" எண்டு சொல்லிப் பாருங்கோ, விளங்கிக்கொள்ளுவினம். அந்த வீடியோவுக்கும் தாய் தகப்பனிட்ட முதல்ல கேக்கோணும்.

4. விளையாட்டையே பிள்ளைக்கு ஏத்த மாதிரி மாத்துறது

இதுதான் பெரிய வேலை, இதில கொஞ்சம் மினக்கெட்டு எழுதுறன்.

எட்டு வயசுப் பிள்ளையைப் பெரிய ஆக்களின்ர கிரவுண்டில 11 பேருக்கு 11 பேர் விட்டா என்ன நடக்கும்? நாலு பேர் பந்தோட ஓடுவாங்கள், மிச்சப் பேர் நிண்டு பாத்துக்கொண்டு நிப்பினம், பலவீனமான பிள்ளை பந்தைத் தொடாமலே வீட்ட போகும். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் இதை யோசிச்சு 2012இல ஒரு முடிவு எடுத்தது, 8 வயசுக்குக் கீழ 5 பேருக்கு 5 பேர், 10க்குக் கீழ 7 பேர், 12க்குக் கீழ 9 பேர், அதுக்குப் பிறகுதான் 11. கிரவுண்டும் கோலும் அதுக்கேத்தபடி சின்னன். எங்களுக்கு இது செலவில்லாத வேலை. ஒரு கிரவுண்டை நாலாப் பிரிச்சு, மண் நிரப்பின சோடாப் போத்தலை மூலைக்கு மூலை வைச்சா நாலு சின்னக் கிரவுண்ட், ஒரே நேரத்தில 40 பிள்ளையள் விளையாடலாம். பந்தும் அளவுக்கு, 8 வயசு வரைக்கும் 3ஆம் நம்பர், 12 வரைக்கும் 4ஆம் நம்பர். 5ஆம் நம்பர் பந்தைச் சின்னப் பிள்ளைக்குக் குடுத்தா கால்தான் நோகும்.

ரீம் பிரிக்கேக்க ரெண்டு கப்டன்மாரை விட்டு மாறி மாறி ஆள் எடுக்கிற பழக்கத்தை நிப்பாட்டுங்கோ. கடைசியா மிஞ்சி நிக்கிறது ஒவ்வொரு நாளும் அதே பிள்ளைதான், முழு ஊருக்கும் முன்னால. நீங்களே கலர் பனியன் குடுத்துப் பிரியுங்கோ, இல்லாட்டி பிறந்த மாசத்தைக் கேட்டுப் பிரியுங்கோ.

பிறந்த மாசம் எண்டேக்க ஒண்டு ஞாபகம் வருது. ஒரே வயசுப் பிரிவில தை மாசம் பிறந்த பிள்ளைக்கும் மார்கழியில பிறந்த பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருச வளர்த்தி வித்தியாசம் இருக்கு. உலகம் முழுக்க இளையோர் ரீம்களைப் பாத்தா வருசத் தொடக்கத்தில பிறந்தவைதான் கூட இருக்கினம், ஆய்வு செய்த ஆக்கள் திரும்பத் திரும்பக் கண்ட விசயம் இது. பெரிய உடம்பைத் திறமை எண்டு பிழையா விளங்கி எடுத்திடுறம், மார்கழிப் பிள்ளை ஒதுங்கிப்போகுது. அதால 12 வயசு வரைக்கும் "தெரிவு ரீம்" எண்டு ஒண்டு வைக்காதேங்கோ.

எல்லாப் பிள்ளைக்கும் சமனான நேரம். இதைச் சொன்னா சீனியர் அண்ணைமார் சிரிப்பினம், "அப்ப எப்பிடி வெல்லுறது" எண்டு கேப்பினம். நோர்வே நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பைச் சொல்லுங்கோ. அங்க பிள்ளைக்கு 11 வயசாகிற வருசம் வரைக்கும் புள்ளிப் பட்டியல், தரவரிசை ஒண்டும் வெளியிடக்கூடாது எண்டு விதி இருக்கு, தேசிய சாம்பியன்சிப் போட்டி 13 வயசுக்குப் பிறகுதான். அப்பிடி வளத்த நாட்டுக்காரர் குளிர்கால ஒலிம்பிக்கில பதக்கப் பட்டியல்ல மேல நிக்கினம். எங்கட ஊர்ச் சனம் கனபேர் நோர்வேயில இருக்கினம், அவையின்ர பிள்ளையள் அந்த விதிக்குள்ளதான் விளையாடி வளந்தது, கேட்டுப் பாக்கச் சொல்லுங்கோ.

உதைபந்தும் கிரிக்கெட்டும் மட்டும் வைச்சா அதில ஏற்கெனவே கெட்டிக்காரர்தான் எப்பவும் மேல. ஒரு நாள் கிளித்தட்டு, ஒரு நாள் எல்லே, ஒரு நாள் கரப்பந்து எண்டு மாத்துங்கோ. கிளித்தட்டில பந்தே இல்லை, காசும் இல்லை, பந்துக்குப் பயப்படுற பிள்ளை அதில எல்லாரையும் வெட்டிக்கொண்டு போகும்.

5. பொம்பிளைப் பிள்ளையள்

பத்துப் பதினொரு வயசு வரைக்கும் வருவினம். பிறகு ஒரு நாள் சாமத்தியவீடு நடக்கும், அதோட கிரவுண்ட் முடிஞ்சுது. பிள்ளைக்கு ஆசை போகேல்லை, வீட்டில விடேல்லை, இல்லாட்டி பிள்ளைக்கே வெக்கம். இதை மாத்த ஒரு பேச்சுப் போட்டியும் உதவாது, தாயோட இருந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைக்கிறதுதான் உதவும். அதுவும் நீங்கள் ஆம்பிளை எண்டா தனியப் போகாமல் ஊர் மதிக்கிற ஒரு அம்மாவோட போங்கோ. "பிள்ளையை விடுங்கோ" எண்டு தொடங்காமல், "நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ, கதிரை போட்டிருக்கு" எண்டு தொடங்குங்கோ. நாலு தாய்மார் கிரவுண்டில வந்து இருந்தா அதுதான் பாதுகாப்பு, அதைப் பாத்து மற்றத் தாய்மாரும் வருவினம்.

பயிற்சி குடுக்கிற ஆக்களில ஒரு பொம்பிளையாவது கட்டாயம் வேணும். ஆள் இல்லையெண்டு சொல்லாதேங்கோ, பள்ளிக்கூடத்தில வலைப்பந்து விளையாடின அக்காமார் ஊரிலதான் இருக்கினம், கலியாணம் கட்டிப் பிள்ளை பெத்திருப்பினம். அவையைக் கேளுங்கோ, கைக்குழந்தையோட வந்தாலும் பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ, பிள்ளையைத் தூக்க நீங்கள் நில்லுங்கோ.

உடுப்பில கண்டிப்பு வேண்டாம். நீளக் காற்சட்டை, அரைக்கை, முழுக்கை, லெகிங்ஸ், எதில வசதியோ அதில விளையாடட்டும். முஸ்லிம் பிள்ளையள் தலையை மூடி விளையாட ஏலாது எண்டு ஆரும் சொன்னா, 2014இலயே ஃபிஃபா ஹிஜாப்பை அனுமதிச்சிட்டுது, 2017இல கூடைப்பந்துச் சம்மேளனமும் அனுமதிச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ, குத்தூசி இல்லாமல் இறுக்கிக் கட்டின துணி எண்டாக் காணும். முதலுதவிப் பெட்டிக்குள்ள நப்கின் இருக்கோணும், அது இருக்கிற இடம் பிள்ளையளுக்குத் தெரிஞ்சிருக்கோணும், கேட்டு வாங்கிற மாதிரி வைக்காதேங்கோ.

வலைப்பந்து மட்டும்தான் பொம்பிளைப் பிள்ளையளுக்கு எண்டு ஒதுக்கிவிடக் கூடாது, அதுக்காக வலைப்பந்தைக் குறைச்சும் நினைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் அந்த வளையத்துக்குள்ள பந்து போட்டுத்தான் இலங்கை 2018இல ஆசியக் கிண்ணம் எடுத்தது. அந்த மட்ச் வீடியோக்களைப் பிள்ளையளுக்கும் தாய்மாருக்கும் போனில காட்டுங்கோ.

ஒரு கடைசி விசயம், நல்ல கிரவுண்ட் நல்ல நேரம் பெடியளுக்கு, மிச்ச மூலை பெட்டையளுக்கு எண்டு இருக்கக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக் கிரவுண்ட் அவைக்கு. வேலியில இருந்து விசிலடிக்கிற பெடியங்களைக் கழகம்தான் கண்டிக்கோணும், அந்தப் பொறுப்பைப் பிள்ளையளின்ர தலையில போடாதேங்கோ.

6. மாற்றுத்திறனாளிப் பிள்ளையள்

எங்கட மண்ணில காலில்லாத, கையில்லாத, கண் தெரியாத ஆக்களை எல்லாரும் கண்டிருக்கிறம். ஆனாலும் அப்பிடி ஒரு பிள்ளை கிரவுண்டுக்கு வந்தா "நீ இருந்து ஸ்கோர் எழுது" எண்டுதான் சொல்லுறம். ஸ்கோர் எழுத விருப்பமான பிள்ளை எழுதட்டும். விளையாட விருப்பமான பிள்ளை விளையாடோணும்.

முதல்ல பிள்ளையிட்டயே கேளுங்கோ, தாயிட்டக் கேக்க முதல். "உனக்கு என்ன செய்ய ஏலும், எது கஸ்டம், நான் என்ன மாத்தினா லேசு" எண்டு. பிறகு நாலு விசயத்தைப் பாருங்கோ, இங்கிலாந்தில பள்ளிக்கூட விளையாட்டுப் பயிற்சியில இதுக்கு ஸ்டெப் முறை எண்டு பேர். இடத்தைச் சின்னனாக்கலாமோ, செய்யவேண்டிய வேலையை லேசாக்கலாமோ, சாமானை மாத்தலாமோ, ஆக்களை வேறமாதிரிச் சேர்க்கலாமோ. இந்த நாலில ஒண்டை மாத்தினாலே அனேகமாப் பிள்ளை உள்ள வந்திடும்.

பார்வை குறைஞ்ச பிள்ளைக்குச் சத்தம் போடுற பந்து வேணும். வாங்கக் காசில்லாட்டி ஒரு பந்தைச் சொப்பிங் பைக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டுங்கோ, உருளேக்க சரசரக்கும், காதால பிடிப்பினம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில பந்துக்குள்ள சின்னக் குண்டுகள் குலுங்கும், கையைத் தாழ்த்தித்தான் எறிவினம், முழுசாப் பார்வையில்லாத ஆள் எடுக்கிற ஓட்டம் ரெண்டு மடங்காக் கணக்கு. இந்த விதிகளை அப்பிடியே ஊர் மென்பந்துக் கிரிக்கெட்டுக்குள்ள கொண்டுவரலாம். அந்த நேரம் வெளியில நிக்கிற ஆக்கள் வாய் மூடி நிக்கோணும், அது மட்டும்தான் கஸ்டமான பகுதி.

காது கேக்காத பிள்ளைக்கு விசிலோட சேத்து ஒரு கொடி. விசில் ஊதேக்க கொடியையும் தூக்குங்கோ, மற்றப் பிள்ளையளும் விசில் கேட்டா கையைத் தூக்கி நிக்கப் பழக்குங்கோ. நீங்கள் கதைக்கேக்க அந்தப் பிள்ளைக்கு உங்கட முகம் தெரியோணும், சூரியன் உங்கட முதுகுக்குப் பின்னால இருந்தாத் தெரியாது.

கால்ல ஏலாத பிள்ளைக்கு எனக்குப் பிடிச்சது இருந்து விளையாடுற கரப்பந்து. கிரவுண்ட் 10 மீற்றருக்கு 6 மீற்றர், வலை ஆம்பிளையளுக்கு 1.15 மீற்றர், பொம்பிளையளுக்கு 1.05 மீற்றர் உயரம், பந்தைத் தொடேக்க இடுப்பு நிலத்தில இருக்கோணும். இது 1980இல இருந்து பாராலிம்பிக்கில இருக்கு. இதில அழகு என்னெண்டா ரெண்டு காலும் நல்லா இருக்கிற பிள்ளையும் நிலத்தில இருந்தா எல்லாரும் ஒரே உயரம். மணலைச் சலிச்சுக் கல்லு பொறுக்கிப் போட்டு, கயிறு கட்டினாக் காணும். இதைப் பழக்க ஆளுக்கு எங்க போறது எண்டு கேப்பீங்கள். யுத்தத்தில சின்ன வயசில காலை இழந்த பிள்ளையளுக்கு இப்ப இருபது முப்பது வயசு, உங்கட ஊரிலயும் ஆரும் இருக்கலாம். அவையைப் பயிற்சியாளராக் கூப்பிடுங்கோ. ஏலாத பிள்ளைக்கு மட்டும் எண்டு இல்லாமல், எல்லாப் பிள்ளைக்கும் பயிற்சி குடுக்கட்டும். இரக்கப்பட்டுக் கூப்பிட்டா வரமாட்டினம், வேலை எண்டு கூப்பிடுங்கோ, போக்குவரத்துக் காசு குடுங்கோ.

விளங்கிக்கொள்ள நேரம் எடுக்கிற பிள்ளைக்கு ஒரு நேரத்தில ஒரு சொல்லு, செய்து காட்டு, ஒவ்வொரு நாளும் அதே ஒழுங்கு. ஸ்பெசல் ஒலிம்பிக்ஸ் எண்ட அமைப்பு 1968இல சிக்காகோவில முதல் போட்டி வைச்சது. இப்ப அவை நடத்துற ஒரு முறையில அறிவுவளர்ச்சி குறைஞ்ச பிள்ளையளும் மற்றப் பிள்ளையளும் ஒரே ரீமில, ஒரே சேட்டோட விளையாடுவினம். நீங்களும் அப்பிடி ஒரு சோடி போட்டுவிடுங்கோ, ஆனா ஒரே பிள்ளையை எப்பவும் "பாக்கிற ஆளா" வைக்காமல் மாத்தி மாத்தி விடுங்கோ.

வலிப்பு, நெஞ்சு வருத்தம், ஆஸ்துமா இருந்தா தாயிட்ட கேட்டு, என்ன மருந்து, ஆருக்கு போன் எடுக்கிறது எண்டு எழுதி வையுங்கோ.

7. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், தண்ணிப் போத்தல்

சுருக்கமாச் சொல்லுறன். வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை நேரம், ஞாயிறு காலைப் பூசை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாள், நோன்பு மாசம், இதெல்லாம் கலண்டரில குறிச்சுப்போட்டுத்தான் மட்ச் வைக்கோணும். சாப்பாடு குடுத்தா மரக்கறி எண்டால் எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடலாம். தண்ணி எல்லாருக்கும் ஒரே வாளி, ஒரே மாதிரிக் கப், ஆருக்கும் தனிக் கப் கிடையாது, "நான் வீட்டில இருந்து கொண்டுவாறன்" எண்டு ஆரும் ஒதுங்கினா ஏனெண்டு கவனியுங்கோ. ரீம்களை ஒழுங்கைக்கு ஒரு ரீம், குடியிருப்புக்கு ஒரு ரீம் எண்டு பிரிச்சா பெரிய ஆக்களின்ர பிரிவினை கிரவுண்டுக்குள்ள வந்திடும், கலந்து விடுங்கோ. ஊர், சாதி, நிறம், உடம்பு, தகப்பன் இல்லாதது, இதுகளைச் சொல்லிப் பட்டப்பேர் வைக்கிறது முதல் நாளே தடை. வவுனியாவில சிங்களப் பிள்ளையளும் பக்கத்தில இருந்தா அவைக்கும் சொல்லி அனுப்புங்கோ, விளையாட்டுக்குப் பாஷை கனக்கத் தேவையில்லை, "பாஸ்" எண்டது ரெண்டு பக்கமும் விளங்கும்.

8. பாதுகாப்பு

பிள்ளையோட ஒரு பெரிய ஆள் தனிய நிக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர். மோட்டச்சைக்கிள்ல ஒரு பிள்ளையைத் தனிய ஏத்திக்கொண்டு போகாதேங்கோ. இரவில பிள்ளைக்குத் தனிய மெசேஜ் போடாதேங்கோ, தாயின்ர நம்பருக்குப் போடுங்கோ. அடிக்கக் கூடாது, காதைத் திருகக் கூடாது, தோத்ததுக்கு வெயில்ல ஓடவிடக் கூடாது. எங்களை அடிச்சுத்தான் வளத்தவை எண்டு சொல்லுற பயிற்சியாளரைப் பெரிய ஆக்களின்ர ரீமுக்கு அனுப்பிவிடுங்கோ.

பிள்ளையள் போய்ச் சொல்லுறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளை நிர்வாகம் நியமிக்கிறதிலும் பாக்கப் பிள்ளையளே தெரிஞ்செடுத்தா நல்லம், பயிற்சியாளரின்ர சொந்தக்காரரா இருக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர 1929 எண்ட இலக்கத்தைக் கிரவுண்ட் சுவரில பெரிசா எழுதுங்கோ. ஏதும் பாரதூரமா நடந்தா ஊருக்குள்ள பேசித் தீர்க்கப் பாக்காமல் அங்க அறிவிக்கோணும், கழகத்தின்ர பேர் கெட்டுப்போகும் எண்டு மூடி மறைக்கிறது பிள்ளைக்குச் செய்யிற ரெண்டாவது கொடுமை.

எல்லைக்கோட்டுக்கு வெளியில நிண்டு கத்துற தகப்பன்மாரையும் கவனிக்கோணும். கோட்டில இருந்து ரெண்டு மீற்றர் தள்ளிக் கயிறு கட்டுங்கோ, இங்கிலாந்தில 2008இல இருந்து ரெஸ்பெக்ட் எண்ட திட்டத்தில இதைத்தான் செய்யினம். கை தட்டலாம், பிள்ளைக்கு உத்தரவு போடக்கூடாது.

9. யாப்பில எழுதுறது

நீங்கள் நாளைக்கு வேலை கிடைச்சுக் கொழும்புக்குப் போயிடுவீங்கள், இல்லாட்டி வெளிநாடு. பிறகு? அதால இதெல்லாம் கழகத்தின்ர யாப்பில, அதாவது எழுதி வைச்ச சட்டவிதிகளில, இருக்கோணும். அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில அஞ்சாறு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கோ. சிறுவர் பிரிவில எல்லாப் பிள்ளைக்கும் சமனான விளையாட்டு நேரம். நிர்வாக சபையில குறைஞ்சது ரெண்டு பொம்பிளையள், ஒரு மாற்றுத்திறனாளி. சுற்றுப்போட்டியில சேர்ற காசில இவ்வளவு பங்கு சிறுவர் பிரிவுக்கு எண்டு ஒரு கணக்கு. அடி, பட்டப்பேர், தனிய ஏத்திப்போறது தடை.

பிரதேச செயலகத்தில இருக்கிற விளையாட்டு உத்தியோகத்தரிட்டக் கழகத்தைப் பதிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ, பதிவு இல்லாட்டி உபகரணமும் பயிற்சி வகுப்பும் கேக்கிறது கஸ்டம். கடிதம் எழுதேக்க வெறும் உதவிக் கடிதமா எழுதாதேங்கோ. ஐநா சிறுவர் உரிமைச் சமவாயத்தின்ர 31ஆம் உறுப்புரை பிள்ளைக்கு விளையாடுற உரிமை இருக்கெண்டு சொல்லுது, இலங்கை அதை 1991இல ஏத்துக்கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின்ர 30ஆம் உறுப்புரை அந்தப் பிள்ளையள் மற்றப் பிள்ளையளோட சமனா விளையாட வழி செய்யோணும் எண்டு சொல்லுது, அதை இலங்கை 2016இல ஏத்துக்கொண்டது. இந்த ரெண்டு வரியையும் கடிதத்தின்ர மேல்பகுதியில எழுதி, கீழ உங்களுக்கு வேண்டியதை எண்ணிக்கையோட எழுதுங்கோ, பந்து எத்தினை, வலை எத்தினை, கக்கூஸுக்குப் போற பாதையில சாய்தளம் போட சீமேந்து எத்தினை பை எண்டு.

சீனியர்மார் எதிர்ப்பினம், அது வரும். கிரவுண்டைப் பாதி நேரம் குடுக்கோணும், காசைப் பங்கு போடோணும் எண்டா ஆருக்கும் கஸ்டம்தான். சண்டை பிடிக்காமல் ஒரு பின்னேரம் அவையையே கூப்பிட்டு ஒவ்வொரு சின்னக் கிரவுண்டுக்கும் ஒரு சீனியரை நடுவரா விடுங்கோ. பிள்ளையள் "அண்ணா அண்ணா" எண்டு சுத்தி நிக்கேக்க பாதிப் பேர் இளகிவிடுவினம், மிச்சப் பேருக்கு யாப்பு இருக்கு.

10. வந்து இடையில நிண்டுபோன பிள்ளையைத் தேடிப் போறது

ஒவ்வொரு நாளும் வரவு எழுதுங்கோ. ரெண்டு பயிற்சிக்குத் தொடர்ந்து வராத பிள்ளையின்ர வீட்டுக்கு அந்தக் கிழமைக்குள்ளேயே ஆரும் போகோணும், ஒரு மாசம் கழிச்சுப் போனா அந்தப் பிள்ளைக்கு வேற பழக்கம் வந்திடும். ஏசாமல், "உன்னைக் காணேல்லை, அதுதான் வந்தனான்" எண்டு சொன்னாக் காணும். காரணத்தைக் கொப்பியில எழுதுங்கோ. ஒரே காரணம் மூண்டு பிள்ளையளுக்கு வந்திருந்தா பிழை பிள்ளையளில இல்லை, நேரத்திலயோ இடத்திலயோ பயிற்சியாளரிலயோ இருக்கு, அடுத்த கூட்டத்தில அதைத்தான் முதல் விசயமா எடுக்கோணும்.

வருச முடிவில அந்த முதல் கொப்பியைத் திரும்பத் திறவுங்கோ. எத்தினை கிண்ணம் எடுத்தனீங்கள் எண்டு நிர்வாகம் கேக்கும், நீங்கள் ரெண்டு கணக்கை வாசியுங்கோ, கொப்பியில இருந்த பேரில எத்தினை பேர் வந்தவை, வந்தவையில எத்தினை பேர் இன்னும் நிக்கினம். இன்னும் வராத பிள்ளையளின்ர பேரைப் புதுக் கொப்பிக்கு மாத்தி எழுதிப்போட்டு, தைப்பொங்கல் முடிய ஒழுங்கையில இறங்குங்கோ.